நாலு அங்குலமா, ஏழு அங்குலமா? காட்டுக்கு எடுத்துப்போகும் கத்தியின் அளவும் பிடியும்

முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் முதன்முதலாகக் கத்தி வாங்கப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எவ்வளவு நீளம்? மடக்கும் கத்தியை இங்கே விட்டுவிடுவோம். உறையில் செருகி இடுப்பிலோ பையிலோ மாட்டிக்கொள்ளும் மடக்காத கத்திதான் பேச்சு. விற்பனைப் பக்கங்களிலும் நீளத்தைத்தான் முதலில் போடுகிறார்கள், பெரிய எழுத்தில். என்னைக் கேட்டால் நீளம் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. முதலில் பிடி, அடுத்து அலகின் தடிப்பு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் நீளம் தானாகவே ஒரு எல்லைக்குள் வந்து நிற்கும்.

ஒப்பிட ஆறு கத்திகளை எடுத்துக்கொள்கிறேன். ஆறும் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருப்பவை, அளவு எல்லாருக்கும் தெரிந்தவை. சுவீடனின் மோரா ஊரிலிருந்து வரும் கம்பேனியன்: அலகு 10 செ.மீ. சொச்சம், தடிப்பு 2.5 மி.மீ., உறையோடு சேர்த்தே 120 கிராமுக்குள் அடங்கிவிடும். அதே நிறுவனத்தின் கார்பெர்க்: 10.9 செ.மீ., 3.2 மி.மீ., 170 கிராம். சுவீடன் விமானப்படை ஓட்டிகளுக்கு 1995 முதல் கொடுக்கப்பட்டுவரும் ஃபால்க்நிவன் எஃப்1: 9.7 செ.மீ., 4.5 மி.மீ. அமெரிக்காவின் எஸ்ஸி 4: 11.4 செ.மீ., 4.8 மி.மீ., ஏறத்தாழ 225 கிராம். அதன் அண்ணன் எஸ்ஸி 6: அதே தடிப்பு, 16.5 செ.மீ., 340 கிராம். கடைசியாகக் கேபார் பிகே2: 13.3 செ.மீ. அலகு, தடிப்பு 6.35 மி.மீ. அதாவது முழுசாகக் கால் அங்குலம், எடை அரைக் கிலோவை நெருங்கும்.

இந்த எண்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மொத்த நீளத்திலிருந்து அலகைக் கழித்துப் பாருங்கள். எஃப்1 மொத்தம் 21 செ.மீ., ஆகவே பிடி 11.3. எஸ்ஸி 4-க்கு 11.4. கார்பெர்க்குக்கு 12. பெரிய எஸ்ஸி 6-க்கும் பிகே2-வுக்கும் 13.3. அலகு 9.7-இலிருந்து 16.5 வரை ஓடுகிறது, பிடி இரண்டே செ.மீ.க்குள் நிற்கிறது. மனிதக் கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் பிடி பெரிதாக மாற முடியாது. கத்தி பெரிதாகும்போது அதைக் கட்டுப்படுத்தும் கை பெரிதாவதில்லை. கையாளல் பற்றிய எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முகாமில் கத்திக்கு என்ன வேலை என்று நேர்மையாகப் பட்டியல் போட்டால் வீரதீரம் எதுவும் தேறாது. கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது, வெங்காயம் நறுக்குவது, மீன் சுத்தம் செய்வது, கூடார முளை சீவுவது, அடுப்பு மூட்டச் சுள்ளி பிளப்பது, ஈரக் குச்சியின் பட்டையைச் சீவி உள்ளே இருக்கும் காய்ந்த கட்டையை எடுப்பது. இதில் சுள்ளி பிளப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் விரல் நுனி வேலை.

கூடார முளையையே பார்ப்போம். பெருவிரல் பருமனுள்ள குச்சி. ஒரு முனையைக் கூராக்க வேண்டும், மறு முனைக்குக் கீழே கயிறு நழுவாமலிருக்க ஒரு வெட்டு போட வேண்டும். கூராக்குவது எளிது, எந்தக் கத்தியும் செய்யும். வெட்டு போடுவதில்தான் வித்தியாசம் தெரியும். கம்பேனியனில் கூர், ஆள்காட்டி விரல் முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. குச்சியை அந்த இடத்தில் வைத்து, குச்சி பிடித்திருக்கும் இடக்கைப் பெருவிரலால் கத்தியின் முதுகைத் தள்ளினால் அலகு அரை செ.மீ. நகர்ந்து நிற்கும். திருப்பி எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு தள்ளு, சில்லு தெறித்து விழும். மணிக்கட்டு அசையவே வேண்டாம். பிகே2-வில் கைப்பிடிக்கும் கூருக்கும் நடுவே கூரில்லாத வெற்று இரும்பு கொஞ்சம் இருக்கிறது. குச்சி அந்த அளவுக்குக் கையிலிருந்து தள்ளிப்போகிறது. தள்ளிப்போன ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கட்டு கூடுதலாக முறுக்கிப் பிடிக்க வேண்டும். அலகின் எடை வேறு முன்பக்கம் இழுக்கும். ஒரு முளைக்கு இது பெரிதாகத் தெரியாது. எட்டு முளை சீவினால் உள்ளங்கையின் அடிப்பக்கம் சொல்லிவிடும்.

ஆகவே பிடியிலிருந்தே ஆரம்பிப்போம். நல்ல பிடியின் அளவு இதுதான்: கத்தியை இறுகப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையின் பெருவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். நுனி உள்ளங்கைக்குள் புதைந்தால் பிடி ஒல்லி, கையில் சுழலும். தொடாமல் இடைவெளி விட்டால் தடிமன், கை சீக்கிரம் களைக்கும். நீளம் உள்ளங்கை அகலத்தைவிட இரண்டு செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். பெரும்பாலோருக்கு 11 செ.மீ. சரியாக வரும். குறுக்குவெட்டில் முட்டை வடிவம் நல்லது. வட்டமாக இருந்தால் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. தட்டையாகச் சதுர விளிம்போடு இருந்தால் விளிம்பு உறுத்தும்.

கம்பேனியனின் விலையைப் பார்த்து அலட்சியம் செய்பவர்கள் அதன் பிடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் பூசிய, நடுவில் சற்றுப் பருத்த, வெறும் பிளாஸ்டிக் பிடிதான். ஆனால் ஈரக்கையில் வழுக்காது, எந்த விதமாகத் திருப்பிப் பிடித்தாலும் உட்காரும். இந்த ஆறில் பிடிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் அதற்குத்தான் முதலிடம் தருவேன். எஸ்ஸி 4-இன் பிடி, அலகோடு ஒட்டிச் செல்லும் இரும்பின் இரு பக்கமும் மைக்கார்ட்டா (பிசினில் ஊறிய துணியை அடுக்கி அழுத்திச் செய்தது) தகடு வைத்துத் திருகியது. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் சப்பை. பெரிய கைக்காரர்கள் அதற்கு வேறு தகடு வாங்கி மாற்றிக்கொள்வது சகஜம். விரல்களுக்கு வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பிடிகள் பார்க்க அழகு. உங்கள் விரல் அகலமும் வடிவமைத்தவரின் விரல் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சிக்கல்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. தயாரிப்பாளரின் பக்கத்தில் மொத்த நீளம், அலகு நீளம் இரண்டும் இருக்கும். கெட்டி அட்டையில் அதே அளவுக்கு வெட்டி, பிடியிருக்கும் பகுதிக்குத் துணி சுற்றி, சமையல்கட்டில் ஒரு கேரட்டை அறுப்பதுபோல் பாவனை செய்து பாருங்கள். 16 செ.மீ. அலகின் முனை உங்கள் கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஆடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்து தடிப்பு. வெட்டுக்கத்தி உறுதியாக இருக்க வேண்டும், உறுதி என்றால் தடிப்பு என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. ஒரே அகலமுள்ள இரும்புத் தகடு வளையாமல் எதிர்க்கும் திறன் தடிப்பின் மும்மடியாக, அதாவது தடிப்பு × தடிப்பு × தடிப்பு என்ற கணக்கில், ஏறும். 2.5 மி.மீ.யிலிருந்து 3.2-க்குப் போனாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். 3.2-இலிருந்து 4.8-க்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல். பிகே2-வின் 6.35 கார்பெர்க்கைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு விறைப்பு. அந்த எட்டு மடங்கை முகாமில் எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்? நெம்புகோலாகவா? அப்படியொரு தேவை வந்தால் பக்கத்தில் கிடக்கும் கட்டை கத்தியைவிட நன்றாக நெம்பும்.

தடிப்புக்குக் கொடுக்கும் விலை நறுக்கும்போது தெரியும். வெங்காயம் பரவாயில்லை. கேரட், உருளைக்கிழங்கு, மாங்காய் போன்றவற்றைத் தடித்த அலகு அறுப்பதில்லை, ஆப்பு இறக்கியதுபோல் பிளக்கிறது. பாதி இறங்கியதும் காய் 'டக்'கென்று இரண்டாகத் தெறிக்கும். இங்கே அலகைத் தீட்டியிருக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. மோராக்களில் அலகின் கீழ்ப்பகுதியில் மட்டும் சரிவு; மேலே முழுத் தடிப்பும் அப்படியே நிற்கும். மரம் சீவ இதுபோல் சுகம் கிடையாது. சரிவைக் குச்சியின் மேல் படியவைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வரும், தீட்டும்போதும் கல்லில் சரிவைப் படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். காய் நறுக்கத்தான் சுமார். அதிலும் 2.5 மி.மீ. கம்பேனியன் தப்பித்துக்கொள்ளும், 3.2 கார்பெர்க் திணறும். எஸ்ஸி 4-இல் முதுகிலிருந்து கூர்வரை சரிவாக இழைத்திருப்பதால் 4.8 மி.மீ. தடிப்பை ஓரளவு மறைக்கிறது. எஃப்1-இல் சரிவு தட்டையாக இல்லாமல் லேசாக வெளிப்புறம் உப்பியிருக்கும். கூரின் ஓரம் எளிதில் உதிராது, ஆனால் கல்லில் தீட்டக் கை பழக வேண்டும்.

சுள்ளி பிளப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய கத்தி வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் அதுதான். கட்டையை நிறுத்தி, தலையில் கத்தியைக் கிடத்தி, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டி இறக்குவார்கள். அலகு உள்ளே முழுகியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத்தான் தட்ட வேண்டும். ஆகவே கட்டையின் விட்டத்தைவிட அலகு மூன்று நாலு செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். கார்பெர்க்கின் 10.9 செ.மீ.யில் ஏழு செ.மீ. கட்டை பிளக்கலாம், எஸ்ஸி 6-இல் பன்னிரண்டு. இப்போது கேள்வி: பன்னிரண்டு செ.மீ. கட்டையைக் கத்தியால் பிளக்க வேண்டிய நிலை எத்தனை பேருக்கு வருகிறது? கனடாவில் டொரண்டோவிலிருந்து அல்கோன்குவின் பூங்காவுக்கு முகாம் போகும் நம் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் விற்கும் விறகுக்கட்டு ஏற்கெனவே பிளந்துதான் வருகிறது. அதிலிருந்து அடுப்பு மூட்ட விரல் பருமனில் சிராய் எடுத்தால் போதும். பிளந்த விறகின் ஓரத்தில் கத்தியை வைத்துச் சிறிது சிறிதாக உரித்தெடுக்க 10 செ.மீ. தாராளம். நடுவில் குறிவைத்துத் தட்டுவதுதான் தப்பு. ஓரத்திலிருந்து உரித்தால் கட்டை எவ்வளவு தடித்திருந்தாலும் சின்னக் கத்தியே போதும்.

தட்டிப் பிளக்கிற பழக்கம் இருந்தால் அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கார்பெர்க், எஃப்1, இரண்டு எஸ்ஸி, பிகே2 எல்லாம் அப்படித்தான். கம்பேனியனில் கடைசிவரை போவதில்லை. எப்போதாவது தட்டினால் தாங்கும். நாள்தோறும் தட்டுகிறவர் கார்பெர்க்குக்குப் போய்விடலாம்.

பெரிய கத்திக்கு நியாயமே இல்லையா என்றால், உண்டு. ஐரோப்பாவின் வடகோடியில், லாப்லாந்தில், சாமி என்ற பழங்குடி மக்கள் வைத்திருக்கும் லெயுகு என்ற பெரிய கத்தியைப் பாருங்கள். அலகு 20 செ.மீ.க்குக் கூட வரும், அகலமானது, பிர்ச் மரப் பிடியின் அடி விரிந்திருக்கும், கையுறை போட்ட கையாலும் உருவலாம். கிளை கழிப்பது, விறகு பிளப்பது, மானின் எலும்பு வெட்டுவது அதன் வேலை. ஆனால் லெயுகுவின் துணையாக பூக்கோ என்ற ஒரு சின்னக் கத்தியும் இருக்கும், உள்ளங்கை அகலமே அலகு. சீவுவதும் செதுக்குவதும் அதில். பெரியதை வைத்துச் சின்ன வேலை செய்து மாரடிப்பதில்லை.

நம் பனையேறிகளின் அரிவாள் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். மட்டை கழிக்க ஒன்று, பாளை சீவ ஒன்று. பாளை அரிவாளை மட்டையில் போட்டால் அன்றைய பதநீர் போயிற்று.

ஒரே கத்தி எல்லாம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. சிப்பாய்க்குச் சுமை மிச்சம் வேண்டும், இரண்டு கருவி தூக்க இடமில்லை. அமெரிக்க மரைன் படை 1942-இல் ஏற்ற கேபார் கத்தி 7 அங்குலம். சண்டைக்கும் வேண்டும், டப்பா திறக்கவும் வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்த அளவு. முகாமுக்குப் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பையில் ஒரு மடக்கு ரம்பம் போட்டுக்கொண்டால் மணிக்கட்டு பருமனுள்ள கிளையை அது சத்தமில்லாமல் அறுக்கும், ஏழு அங்குலக் கத்தியால் கொத்துவதைவிட வேகமாகவும் ஆபத்துக் குறைவாகவும். கம்பேனியனும் ரம்பமும் சேர்ந்தாலும் எடை எஸ்ஸி 6-ஐத் தாண்டாது.

பிகே2 பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதை விரும்புகிறவர்கள் உயிராக விரும்புகிறார்கள், காரணமும் புரிகிறது: கையில் எடுத்ததும் ஒரு நம்பிக்கை வரும். ஆனால் கொத்துவதற்கு 13 செ.மீ. போதாது, சீவுவதற்குக் கால் அங்குலம் அதிகம். நடுவில் மாட்டிக்கொண்ட கத்தி. கொத்த வேண்டும் என்றால் எஸ்ஸி 6-க்கோ, ஒரேயடியாக நேபாளத்துக் குக்ரிக்கோ போய்விடுவது உத்தமம். குக்ரியின் எடை முன்னால் வளைவில் குவிந்திருப்பதால் கையை ஓங்கினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரும்பு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. எஸ்ஸிகளும் பிகே2-வும் கார்பன் இரும்பு. மேலே பூச்சு உண்டு, ஆனால் கூரின் ஓரத்தில் பூச்சு நிற்காது. எலுமிச்சை அறுத்துத் துடைக்காமல் வைத்தால் காலையில் பழுப்புப் பொட்டு விழுந்திருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள், துடைக்கச் சோம்பல்படுகிறவர்கள் துருப்பிடிக்காத இரும்பில் வரும் கம்பேனியனோ கார்பெர்க்கோ வாங்கட்டும்.

சட்டம் அளவைத் தொடும் இடங்கள் உண்டு. இந்தியாவில் ஆயுத விதிகள் 2016-இன் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதக் கணக்கில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை விலக்கு. 9 அங்குலம் என்றால் ஒரு சாண். இங்கே ஒப்பிட்ட ஆறும் அதற்குள் அடங்கும், குக்ரி மீறலாம். பலருக்குத் தெரியாத பெரிய விஷயம் வேறு: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆகவே முதுமலை, ஆனைமலைப் பக்கம் போகும்போது நாலு அங்குலமா ஏழு அங்குலமா என்ற கேள்வியே எழாது. கத்தி வீட்டில் இருக்கட்டும். பிரிட்டனில் மடக்காத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க எந்த அளவானாலும் தகுந்த காரணம் வேண்டும். முகாமுக்குப் போகிற வழியில் பையின் அடியில் இருப்பதும், கடைத்தெருவில் இடுப்பில் தொங்குவதும் ஒன்றல்ல.

சரி, எதை வாங்குவது? முதல் கத்தி என்றால் கம்பேனியன். யோசிக்கவே வேண்டாம், இந்த ஆறில் விலையும் அதற்குத்தான் குறைவு. அதில் ஒரு குறை, முதுகின் ஓரம் மழுங்கலாக இருப்பதால் தீப்பொறிக் கம்பியை உரசினால் பொறி சரியாக விழாது. கார்பெர்க்கில் முதுகைச் சதுரமாக இழைத்தே தருகிறார்கள். விறகடுப்போடு அதிகம் புழங்குகிறவர், கூடுதல் காசு கொடுக்கத் தயாரானவர், கார்பெர்க். தேய்மானமே தெரியாமல் பல வருஷம் ஓட வேண்டும், தீட்டப் பழகிக்கொள்வேன் என்பவருக்கு எஃப்1. இத்தனை சின்னக் கத்திக்கு இத்தனை விலையா என்று முதல் மாதம் மனசு கேட்கும். எஸ்ஸி 4 நல்ல கத்தி, பெரிய கையும் முரட்டுப் புழக்கமும் உள்ளவருக்கு. மற்றவர்கள் அதே நிறுவனத்தின் எஸ்ஸி 3-ஐயும் ஒருமுறை பார்க்கலாம், ஒன்றரை செ.மீ. குறைவு, தடிப்பு 3.2 மி.மீ.தான், கையில் வேறு கத்திபோல் இருக்கும். எஸ்ஸி 6 இரண்டாவது கத்தியாக இருந்தால் சந்தோஷம்.

வாங்கியபின் உறையையும் ஒருதரம் சோதித்துவிடுங்கள். கத்தியைச் செருகிக் கவிழ்த்து உதறினால் விழக் கூடாது. உருவும்போது பெருவிரல் உறையின் விளிம்பைத் தள்ள வேண்டும், மற்ற விரல்கள் அலகின் பாதையில் எங்கும் வரக் கூடாது. தோல் உறையானால் ஓரத் தையலைத் தடவிப் பாருங்கள். தையல் பிரிந்த உறையைக் கூர் உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வெளியே வரும்.